எதிர்ப்பக்கத்து விளிம்பு

சட்டைக்கு இஸ்திரி போடுவதில் கண்டக்டருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காலர், அப்புறம் கை, கடைசியில் பாக்கெட். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்கெட்டை மட்டும் நான்கு தரம் தேய்த்தார். அதில் ஒரு கடிதம் வைக்க வேண்டியிருந்தது.

என்ன கடிதம் என்று போன வாரம் நம்மோடு இருந்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், வாசலில் நிற்க வைத்தா பேசுவது?

பஸ் கண்டக்டரான இந்த மனிதருக்கு நாணயம் சேர்ப்பது ஒரு பைத்தியம். நான்கு வருஷத்துக்கு முன்பு டிக்கெட் சில்லறையில் ஒரு காசு வந்து மாட்டியது. பிஸ்கட்டில் ஒரு வாய் கடித்தாற்போல் ஓரத்தில் பிறையாகக் குறைந்திருந்தது. நாணயச் சாலையில் அச்சடிக்கும்போதே இப்படிப் பிறந்த பிழைக்காசு என்று அவர் நம்பினார். நாணயச் சங்கத்தின் கண்காட்சிக்குப் பெருமையோடு எடுத்துப் போய்க் கொடுத்தார்.

சங்கத்தில் காசு பார்த்துச் சொல்கிறவர் ஒரு கடிகாரக்காரர். பழுது பார்க்கும் லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்துவிட்டு, இது பிழைக்காசு அல்ல, பின்னால் யாரோ வெட்டிய காசு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கடித்த இடத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்த அரத்தின் கோடுகள் இருக்கின்றன, கடிக்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பையும் தேய்த்திருக்கிறார்கள் என்று காரணம் சொல்லியிருந்தார். உண்மையான கடிக்காசு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், நடுக் கண்ணாடிப் பெட்டியில் இருபது வருஷமாக இருக்கும் காசைப் பாருங்கள், அதன் விளிம்பு சுற்றிலும் முழுசாக நிற்கிறது என்றும் கடைசி வரியில் சேர்த்திருந்தார்.

அந்த நடுப்பெட்டிக் காசு சங்கச் செயலாளரின் காலஞ்சென்ற தகப்பனார் கொடுத்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் அந்தச் செயலாளரோ கண்டக்டரின் சொந்தத் தங்கையைக் கட்டியவர். அறிக்கையைச் சபையில் நின்று வாசித்தவரும் அவரேதான். மச்சான் மோசடிக்காரர் என்று மாப்பிள்ளை வாயாலேயே ஊருக்குத் தெரிந்தது. மூன்று வாரமாக அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் பேச்சு இல்லை.

இன்று பொதுக்கூட்டம். கண்டக்டரைச் சங்கத்திலிருந்து நீக்கத் தீர்மானம் வருகிறது. நீக்குவதற்கு முன்னால் தானே விலகிவிட்டால் கொஞ்சம் மானமாவது மிஞ்சும் என்று அவர் எழுதியதுதான் பாக்கெட் கடிதம்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாத கதை ஒன்று அடுப்படியில் நின்று டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கண்டக்டரின் மனைவி டோக்கன் பட்டறையில் வேலை பார்க்கிறாள். கேன்டீன், சலவைக்கடை, வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றுக்கும் பித்தளை டோக்கன் அடித்துக் கொடுக்கும் பட்டறை. பத்தொன்பது வருஷ சர்வீஸ். அங்கே அவளுக்குப் பெயர் பிசிறக்கா. வெட்டிய உலோகத்தின் ஓரத்தில் முள்ளாக நிற்குமே, அந்தப் பிசிறைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கை தானாக அரத்தைத் தேடும். பட்டறையில் பழகியது வீட்டிலும் விடவில்லை. சாவி, தகர டப்பா மூடி, பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் பெல் எதுவும் அவளிடமிருந்து தப்பியதில்லை.

போன வாரம் அவள் முதன்முறையாகக் கணவரின் லென்ஸை எடுத்து, சங்கம் திருப்பிக் கொடுத்திருந்த அந்தக் காசைப் பார்த்தாள். கடித்த இடத்தில் மூன்று கோடுகள். மூன்றும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவள் இடதுகைக்காரி. அரம் பிடித்தால் அவள் கோடு அப்படித்தான் சாயும்.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு அந்தக் காசைச் சட்டைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார் மனிதர். பிறையின் இரண்டு முனையும் குத்திப் பாக்கெட் இரண்டு தரம் கிழிந்தது. தைக்கிறவள் அவள்தானே. தையல் பெட்டியில் கிடந்த சின்ன அரத்தால் மூன்று இழுப்பு இழுத்து, திரும்பப் பாக்கெட்டில் போட்டுவிட்டாள். தான் செய்ததை அந்த நிமிஷமே மறந்தும் போனாள்.

சும்மா கிடந்த காசுக்கு அரம் போட்டவள் அவள். பேர் கெட்டது அவருக்கு.

சொல்லிவிடலாம் என்று ஏழு நாளும் வாயைத் திறந்தாள். ஏழு நாளும் மூடிக்கொண்டாள். திட்டுவார் என்று பயமில்லை. கண்டக்டர் பெண்டாட்டி டோக்கன் பட்டறையில் இருக்கிறாள், அங்கே வெட்டுகிற பஞ்ச் இருக்கிறது, அரமும் இருக்கிறது என்று தெரிந்தால் சங்கத்துக்காரர்கள் என்ன சொல்வார்கள்? புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே காசு தயாரித்தார்கள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உண்மையை வெறும் உண்மையாகக் கொண்டுபோனால் அது அவர் தலையிலேயே இடியாக இறங்கும். அதற்குத் துணையாக வேறொன்று வேண்டும்.

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு, பட்டறையில் அவசர ஆர்டர், போய்விட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்துவிடுகிறேன் என்றாள். அவர் நீ எதற்கு அங்கே என்று கேட்டார். தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டாமா என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பட்டறையில் உண்மையாகவே ஆர்டர் இருந்தது. ஆனால் பிசிறக்கா மேஸ்திரியிடம் கேட்டது ஒரு மணி நேரமும் ஒரு முழம் பித்தளைத் தகடும்.

தகட்டை பஞ்சுக்கு அடியில் தள்ளினாள். வழக்கமாக ஒரு வில்லை விழுந்ததும் தகடு சரியான தூரம் நகர வேண்டும். அவள் வேண்டுமென்றே குறைவாக நகர்த்தினாள். பஞ்ச் ஏற்கெனவே விழுந்த ஓட்டையின் ஓரத்திலேயே மறுபடி இறங்கியது. கீழே விழுந்த வில்லையில் பிறையாக ஒரு கடி. இப்படி ஐந்து.

மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "பத்தொம்பது வருஷமா ரிஜெக்ட் வராம பாத்துக்கிட்டவ, இன்னிக்கு ரிஜெக்டையே ஆர்டர் எடுத்திருக்கியா?" என்றார்.

"வீட்டுக்கு வேணும்" என்றாள் அவள்.

ஐந்தையும் விளிம்பு உருட்டும் மெஷினில் போட்டாள். ஒரு பக்கம் சக்கரம், ஒரு பக்கம் வளைந்த சுவர், நடுவில் நெருக்குப்பட்டு வில்லை உருளும். அந்த நெருக்கலில்தான் ஓரம் மேலே எழும்பி விளிம்பாகும். கடிபட்ட வில்லையில் ஒரு சங்கடம் உண்டு. கடி வாய் சுவர்ப்பக்கம் வரும்போது சுவருக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இருக்காது. சுவர் பிடிக்காவிட்டால் எதிரே இருக்கும் சக்கரமும் நெருக்க முடியாது. ஆகவே கடிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விளிம்பு எழும்பாமலே போய்விடும். டோக்கன் அடிக்கிறவர்களுக்கு இது பாலபாடம். இந்தச் சோப்ளாங்கி விளிம்பைக் கட்டைவிரலால் தடவித் தடவியே பத்தொன்பது வருஷமாக ரிஜெக்ட் டப்பாவை நிரப்பியவள் அவள்.

அப்புறம் அச்சில் வைத்து அடித்தாள். ஐந்து டோக்கன் ஆயிற்று.

அடுத்த ஐந்துக்கு வேலை சுலபம். குறையில்லாத, அடித்து முடித்த டோக்கன்களை எடுத்து, அதே பஞ்சால் ஓரத்தில் ஒரு கடி வெட்டினாள். பார்வைக்குப் பத்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கடைசியில் பத்துக்கும் கடித்த இடத்தில் இடது கையால் மூன்று மூன்று இழுப்பு அரம் போட்டு, டிபன் பாக்ஸில் கொட்டி மூடினாள்.

கூட்டம் படிப்பகத்து மாடியில். படிக்கட்டுக்குப் பக்கத்து அறையில் நாத்தனார் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணியைக் கண்டதும் அடுக்குவதை வேகப்படுத்தினாள். மூன்று வாரத்தில் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அண்ணன் தோளில் உட்கார்ந்து ஊர் பார்த்து வளர்ந்தவள் அவள். புருஷன் சொன்னதையும் நம்ப முடியாமல், அண்ணனைக் கேட்கவும் துணியாமல், இரண்டு பக்கமும் இடி வாங்கிய மத்தளமாகக் கிடந்தாள்.

கடைசியில் அவளே திரும்பினாள்.

"அண்ணி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. அண்ணன் அந்தக் காசை வெட்டினாரா?"

"வெட்டல."

"அப்ப அந்த அரக்கோடு?"

"அது நான்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்க வீட்டுக் கரண்டியையே விடலையே நீங்க" என்றாள். சொன்னது உண்மை. போன வருஷம் விருந்துக்குப் போன இடத்தில் பிசிறக்கா அவள் கரண்டிக்கும் அரம் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. அண்ணி அவள் முதுகில் கை வைத்தாள். மூன்று வாரத்தில் இரண்டு வீடும் தொட்டுக்கொண்டது அப்போதுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் கேட்ட கேள்வி புத்திசாலிக் கேள்வி. பட்டறைக்காரி என்று தெரிந்தால் வெட்டியதும் நீங்கள்தான் என்பார்களே, என்ன செய்வீர்கள் என்றாள். அண்ணி டிபன் பாக்ஸை ஆட்டிக் காட்டினாள். உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டது.

மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள். சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக, நடுவில் வெல்வெட் துணியில் செயலாளர் தகப்பனாரின் காசு. முன்னால் ஒரு மேஜை. ஒரு கால் குட்டை, கை வைத்தவர்கள் பக்கமெல்லாம் அது சாய்ந்தது. அதன் பின்னே செயலாளரும் கடிகாரக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் மறுபடி கொண்டுவந்து கொடுத்த காசு ஒரு சின்னத் தட்டில் கிடந்தது.

செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். குரலில் ஈரமில்லை. கெட்டவர் அல்ல அவர். மச்சான் என்பதற்காக விட்டுக்கொடுத்தான் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்ற பயத்தில், தேவைக்கு மேலேயே கடுமையாக இருந்துவிட்ட மனிதர். வாசித்து முடித்ததும் கண்டக்டர் எழுந்தார். கை பாக்கெட்டுக்குப் போனது.

பின்வரிசையிலிருந்து அவர் மனைவி அதற்கு முன்னால் பேசிவிட்டாள்.

"அந்த அரக்கோடு என்னோடது. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

நாற்பது தலைகளும் திரும்பின. கண்டக்டர் மட்டும் திரும்பவில்லை. மேஜையைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீ உக்காரு. எனக்கு முதல் நாளே தெரியும்."

ஏழு நாள் இவள் மென்று விழுங்கியதை அவர் மூன்று வாரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். அறிக்கை வாசித்த அன்றே இடப்பக்கம் சாய்ந்த கோடு என்று கேட்டதும் யார் கை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் தப்பியிருக்கலாம். சொன்னால் பட்டறையையும் பெண்டாட்டியையும் சந்திக்கு இழுப்பார்கள் என்றே மோசடிக்காரன் பட்டத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு வாயைக் கட்டியிருந்தார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் மேல் அவளுக்கு அத்தனை அன்பும் அத்தனை கோபமும் ஒன்றாக வந்தது அந்த நிமிஷம்தான்.

உட்காரவில்லை அவள். முன்னால் நடந்தாள்.

பயந்தது உடனே நடந்தது. தபால்தலை விற்கும் ஒருவர், இந்த அம்மாவுக்கு டோக்கன் பட்டறையில்தானே வேலை, அங்கே வெட்டுகிற பஞ்ச் இருக்குமே என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் எல்லோருக்கும் சொன்னார். அறை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. கடிகாரக்காரர் கையைத் தூக்கி அடக்கினார்.

"அரம் போட்டது நீங்கன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க" என்றார் அவர். "கடியும் நீங்க வெட்டினது இல்லன்னு நான் எப்படிம்மா நம்புறது?"

"நம்ப வேண்டாம் சார். பொறக்கும்போதே இருக்கிற மச்சம் வேற, விழுந்து வாங்கின தழும்பு வேற. ரெண்டும் ஒரே உடம்புல இருக்கலாம். எது எதுன்னு தொட்டுப் பாத்தா தெரியும்."

டிபன் பாக்ஸைத் திறந்து மேஜையில் கவிழ்த்தாள். மேஜை சாய, பத்து டோக்கன்களும் செயலாளர் மடிக்கு ஓடின. அவர் பொறுக்கி எடுத்து வைத்தார். ஐந்து, அச்சடிக்கும் முன்பே கடிபட்டவை. ஐந்து, அடித்த பிறகு வெட்டியவை. எல்லாம் ஒரே பஞ்ச், ஒரே அரம், ஒரே கை. லென்ஸ் போட்டுப் பிரித்துக் காட்டச் சொன்னாள்.

கடிகாரக்காரர் லென்ஸை மாட்டிக்கொண்டு கடித்த இடங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் லென்ஸை எடுத்துவிட்டு, பத்திலும் அரக்கோடு இருக்கிறது, என் கணக்குப்படி பத்துமே வெட்டியவைதான், பிரிக்கத் தெரியவில்லை என்றார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத மனிதர். அந்த மட்டில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

"இப்ப என் கண்ணைக் கட்டுங்க" என்றாள் பிசிறக்கா.

நாத்தனார் தன் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினாள். டோக்கன்களைத் தன் கைப்பைக்குள் போட்டு நன்றாகக் குலுக்கி மேஜையில் கொட்டினாள். அண்ணிக்குச் சாதகமாகச் செய்தாள் என்று ஒருவரும் சொல்ல முடியாதபடி கடிகாரக்காரர் மறுபடி ஒரு தரம் கலைத்தார்.

அவள் முதல் டோக்கனை எடுத்தாள். கடித்த இடத்தை அவள் தேடவே இல்லை. கட்டைவிரலை அதற்கு எதிர்ப்பக்கம் வைத்து ஒரு முறை தடவினாள். "வெட்டினது" என்று வலப்பக்கம் வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள். "பொறப்பு." அது இடப்பக்கம் போனது. மூன்று, நான்கு, ஐந்து. காய் நறுக்கும் வேகத்தில் கை ஓடியது. பட்டறையில் ஒரு நாளைக்கு ஆறாயிரம் டோக்கன் பார்க்கும் விரலுக்குப் பத்து என்ன பிரமாதம்?

பத்தும் முடிந்திருக்க வேண்டும். விரலுக்கு இன்னொன்று தட்டுப்பட்டது.

அதை எடுத்தவள் நின்றாள். பித்தளையைவிடக் கொஞ்சம் கனம். விரல் எதிர்ப்பக்கம் போனது. விளிம்பு மெதுவாக இறங்கி, இல்லாமலே போய், மறுபடி மெதுவாக ஏறியது. கலைக்கும்போது தட்டிலிருந்த காசைக் கடிகாரக்காரர் நடுவில் செருகியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"இது எங்க வீட்டுக் காசு" என்றாள். "கடியில இருக்கிற கோடு என் தப்பு. ஆனா எதிர்ப்பக்கம் யாரும் தேய்க்கல சார். தேய்ச்சிருந்தா கைக்குப் படி தட்டும், கோடு நெருடும். இங்க விளிம்பு எழும்பவே இல்ல. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே இது கடிபட்டுத்தான் இருந்திருக்கு."

அதையும் இடப்பக்கம், பிறப்புக் குவியலில் வைத்தாள். கட்டை அவிழ்த்தாள்.

கடிகாரக்காரர் வலப்பக்கத்து ஐந்தையும் திருப்பித் திருப்பி எதிர்ப்பக்கத்து விளிம்பை லென்ஸில் பார்த்தார். ஐந்திலும் விளிம்பு சுவர் போல நின்றது. இடப்பக்கத்து ஐந்திலும் அடங்கிக் கிடந்தது. கடைசியில் காசை எடுத்தார். லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார். ஒரு தரம், இன்னொரு தரம்.

கண்ணைத் திறந்ததும், கடியை ஒட்டிய எழுத்தையும் பார்க்கச் சொன்னாள் அவள். வெட்டியிருந்தால் எழுத்து பாதியில் நறுக்கென்று நின்றிருக்கும். இதில் கடைசி எழுத்து கடி வாயைப் பார்த்து லேசாக இழுபட்டு ஒல்லியாகியிருந்தது. அச்சு இறங்கும்போது உலோகம் காலியிடத்தைப் பார்த்து நகர்ந்த அடையாளம் அது. வெட்டிய டோக்கன்கள் ஒன்றிலும் அந்த இழுப்பு இல்லை.

கடிகாரக்காரர் எழுந்து நின்றார்.

"யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. நான் யானைகூட இல்ல" என்றார். "கோட்டைப் பாத்தேன், காசைப் பாக்கல. இது நாணயச் சாலைப் பிழை. அந்த மூணு கோடு மட்டும் பின்னால வந்தது. என் அறிக்கை தப்பு."

தன் அறிக்கையை எடுத்து, குறுக்கே ஒரு கோடு கிழித்து, கையெழுத்துப் போட்டார். யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். தபால்தலைக்காரர் கொஞ்சம் தாமதமாக, ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

செயலாளர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து கண்டக்டர் முன்னால் நின்றார். எதையோ சொல்ல நினைத்து, "மச்சான்" என்பதோடு நின்றுவிட்டார். கண்டக்டர் அவர் தோளைத் தட்டினார். பஸ்ஸில் ஏறுகிறவர்களை உள்ளே போகச் சொல்லும் தட்டல்தான், ஆனால் இதற்கு மேல் மன்னிப்பு என்று ஒன்று கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

பிறகு கண்டக்டர் பாக்கெட்டிலிருந்து கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்தார். குனிந்து மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். மேஜையை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

மனைவி பக்கத்தில் வந்ததும், "ஏங்க, தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"நீ ஏன் சொல்லல?" என்றார் அவர்.

இரண்டு பேரிடமும் பதில் இருந்தது. இரண்டும் ஒரே பதில். அதனால் ஒருவரும் சொல்லவில்லை. அவர் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டார், நாற்பது பேர் நடுவில், வெட்கமில்லாமல். அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. பத்தொன்பது வருஷமாக மற்றவர்களின் பிசிறை எடுத்த கை, தன் வீட்டுப் பிசிறையும் எடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லோரும் டோக்கன்களை எடுத்துத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தார்கள், பந்தயம் கட்டினார்கள். பொதுக்கூட்டமே திருவிழாக் கூட்டமாகிவிட்டது. கடிகாரக்காரர் மட்டும் அதில் சேரவில்லை. அவர் ஒரே ஒரு தரம் நடுக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டு, கையிலிருந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்.

பிசிறக்கா அதைக் கவனித்தாள். ஏன் என்று யோசிக்கும் முன்பே நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருஷனிடம் சாவி வாங்கி, நடுப்பெட்டியைத் திறந்து, வெல்வெட்டோடு எதையோ ஏந்தி வந்தாள்.

"அண்ணி, இதையும் தொட்டுச் சொல்லுங்க. எங்க மாமனார் காசு. ரெண்டு காசையும் இனிமே பக்கத்துப் பக்கத்துல வைக்கப் போறோம், இவரே சொல்லிட்டார்."

செயலாளர் பின்னால் நின்று பெருமையோடு தலையாட்டினார். அப்பா சாகும்வரை அந்தக் காசைப் பற்றித்தான் பேசினார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கண்டக்டரும் சிரித்துக்கொண்டே, சொல்லு என்றார். நாற்பது பேரும் மறுபடி வட்டமாகக் கூடினார்கள்.

அவள் கண்ணை மூடினாள். கட்டைவிரல் கடியிலிருந்து புறப்பட்டு எதிர்ப்பக்கம் போனது. விளிம்பு இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தடவினாள். எங்கேயும் இறங்கவில்லை. சுற்றிலும் முழுசாக, நிமிர்ந்து நின்றது.

கண்ணைத் திறந்தாள். எதிரே நாத்தனாரின் முகம் இருந்தது, மூன்று வாரத்துக்குப் பிறகு சிரித்த முகம்.

"சொல்லுங்க அண்ணி" என்றாள் அவள்.